ஒரு சொட்டு டீசல்: படகின் எரிபொருள் வால்வு ஏன் கசிகிறது?

விநாடிக்கு ஒரு சொட்டு. டேங்க்கின் அடியில் உள்ள வால்விலிருந்து டீசல் இந்த வேகத்தில் ஒழுகினால், கீழே ஒரு டப்பாவை வைத்துவிட்டுக் கடலுக்குப் போகிற படகுகள் பல. கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். தண்ணீராக இருந்தால் ஏறத்தாழ 20 சொட்டுகள் ஒரு மில்லிலிட்டர் ஆகும். டீசலின் பரப்பு இழுவிசை தண்ணீருக்கு உள்ளதில் பாதிகூட இல்லை. அதனால் சொட்டும் சிறியது. 45 சொட்டுகள் சேர்ந்தால்தான் ஒரு மில்லிலிட்டர். அப்படியிருந்தும் ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டு லிட்டர் போய்விடுகிறது. மாதத்துக்கு அறுபது லிட்டர் அளவுக்கு வருகிறது.

டீசலுக்குக் கொடுத்த காசு இதில் சின்ன இழப்புதான். அதைவிடப் பெரிய கவலைகள் மூன்று: எஞ்சின் அறையில் தீ, நடுக்கடலில் எஞ்சின் நிற்பது, கடல் கெடுவது. மூன்றுக்கும் தொடக்கம் கைக்கடங்கும் அந்த உலோகத் துண்டில் இருக்கிறது. கசிகிற வால்வைக் கண்டதும் ஸ்பேனரை எடுத்து இறுக்குவது வழக்கம். சில கசிவுகள் அதில் நின்றுபோகும். சில அதனாலேயே பெரிதாகும். எந்த இடத்தில் கசிகிறது, ஏன் கசிகிறது என்று தெரிந்தால்தான் இறுக்குவதா, பழுது பார்ப்பதா, தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுவதா என்று முடிவெடுக்க முடியும்.

டீசல் தீப்பிடிக்காதா?

பெட்ரோல் போல டீசல் சட்டென்று பற்றாது என்பது உண்மை. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். டீசல் அதற்குச் சூடேற வேண்டும். எவ்வளவு சூடு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய கப்பல்களுக்கான சோலாஸ் உடன்படிக்கை, கப்பலில் பயன்படும் எரிபொருளின் தீப்பற்று நிலை 60 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று பொதுவிதி வகுத்திருக்கிறது. பங்க்கில் நாம் வாங்கும் வாகன டீசலுக்கு இந்தியத் தரநிர்ணயம் கேட்கும் குறைந்தபட்ச அளவு 35 டிகிரி. நடைமுறையில் டீசல் அதைவிட மேலான நிலையில் இருந்தாலும், கோடை வெயிலில் மூடிக் கிடக்கும் எஞ்சின் அறையின் வெப்பம் அந்த எல்லைக்கு மிக அருகில் போய்விடுகிறது.

இன்னொரு வழி தீப்பொறியே இல்லாமல் பற்றுவது. டீசல் 210 முதல் 250 டிகிரி வரை சூடான பரப்பில் பட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரால் குளிர்விக்கப்படாத சைலன்சர் குழாய் முழுச் சுமையில் 300 டிகிரியைத் தாண்டும். அதனால்தான் கசியும் எரிபொருள் படக்கூடிய இடத்தில் 220 டிகிரிக்கு மேல் சூடாகும் எந்தப் பரப்பையும் வெப்பம் தடுக்கும் உறையால் மூட வேண்டும் என்று சோலாஸ் சொல்கிறது. உறை போட்டிருந்தாலும் நிம்மதி இல்லை. சைலன்சரைச் சுற்றியிருக்கும் நார்த்துணியில் டீசல் ஊறிவிட்டால் அதுவே திரியாகிவிடும்.

வால்வுக்குள் என்ன இருக்கிறது?

படகுகளில் மூன்று வகை வால்வுகளைப் பார்க்கலாம். பழைய படகுகளில் பித்தளைக் காக் இருக்கும். கூம்பு வடிவத்தில் கடைந்த ஒரு அடைப்பான், அதே வடிவக் குழிக்குள் உட்கார்ந்து சுழலும். ரப்பர் எதுவும் கிடையாது; உலோகத்தோடு உலோகம் ஒட்டியிருப்பதுதான் அடைப்பு. இரண்டாவது கேட் வால்வு. சக்கரத்தைப் பல சுற்றுச் சுற்றினால் உள்ளே ஒரு தகடு மேலும் கீழும் நகரும். மூன்றாவது இன்று பரவலாக இருக்கும் பால் வால்வு. நடுவில் துளையிட்ட உலோக உருண்டை. கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் திறக்கும், மூடும். உருண்டையின் இருபுறமும் அணைத்தாற்போல இரண்டு டெஃப்லான் வளையங்கள். கைப்பிடித் தண்டைச் சுற்றி ஒரு ஓ-ரிங் அல்லது பேக்கிங், அதை அமுக்கிப் பிடிக்க ஒரு கிளாண்டு நட்.

கண்ணுக்கு எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணோக்கியில் எந்த உலோகப் பரப்பும் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். இரண்டு பரப்புகளை அழுத்தி வைத்தால் மேடுகள் மட்டுமே தொடும். பள்ளங்கள் கால்வாய்களாக நிற்கும். அந்தக் கால்வாய்களுக்குள் நிறைந்து அடைக்கும் அளவுக்கு மென்மையான ஒரு பொருளைப் போதிய அழுத்தத்தில் வைத்திருப்பதே பெரும்பாலான அடைப்புகளின் வேலை. அந்தப் பொருள் கெட்டாலோ, அழுத்தம் தளர்ந்தாலோ, உலோகப் பரப்பு அரித்தாலோ கசிவு வரும். பெரும்பாலான கசிவுகளுக்குக் காரணம் இவைதான்.

டெஃப்லானை 1938-இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் எதிர்பாராமல் கண்டுபிடித்தார். எந்த எரிபொருளும் அதைக் கரைக்காது. அதன் பலவீனம் வேறு: தொடர்ந்து அழுத்தினால் சாதாரண வெப்பத்திலேயே மெல்ல மெல்ல நகர்ந்து வடிவம் மாறிவிடும். ஆண்டுக்கணக்கில் திறந்தபடியே விட்ட பால் வால்வில் டெஃப்லான் வளையம் உருண்டையின் அந்த ஒரு நிலைக்கே படிந்துபோகும். பிறகு என்றாவது அவசரத்துக்கு மூடினால் முழுதாக அடைக்காது.

ஓ-ரிங் வேறு விதம். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பள்ளத்தில் நசுங்கிய நிலையில் உட்காரும் ரப்பர் வளையத்தை, உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தமே மேலும் இடுக்கில் தள்ளி இறுக்கும். அழுத்தம் கூடக் கூட அடைப்பும் கூடும். படகின் டீசல் லைனில் இதுவே ஒரு குறையாகிறது. டேங்க்கில் ஒரு மீட்டர் உயரத்துக்கு டீசல் நின்றாலும் அடியில் அதன் அழுத்தம் காற்றழுத்தத்தில் நூற்றில் எட்டுப் பங்குதான். ஓ-ரிங்கைத் தள்ளி இறுக்க அது போதாது. ரப்பர் தன் சொந்த மீள்விசையை மட்டுமே நம்பி நிற்க வேண்டியிருக்கிறது. வயதாகி இறுகிப்போன ரப்பரில் அந்த விசை இருக்காது.

சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

டீசலின் பரப்பு இழுவிசை குறைவு என்பதால் அது உலோகத்தில் முத்தாகத் திரளாது. படலமாகப் பரவும், மேல்நோக்கிக்கூட ஊர்ந்து போகும். கைப்பிடித் தண்டில் கசிந்தது வால்வின் உடலைச் சுற்றி வழிந்து, மறுமுனை மரையின் அடியில் சொட்டும். சொட்டும் இடத்தைக் கண்டு மரையை இறுக்கிப் பயனில்லை.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வால்வையும் அதன் இருபுறக் குழாயையும் துணியால் சுத்தமாகத் துடைத்து உலர விடுங்கள். டிஷ்யூ பேப்பரை மெல்லிய பட்டைகளாகக் கிழித்துத் தண்டைச் சுற்றி ஒன்று, வால்வின் உடல் இணைப்பில் ஒன்று, டேங்க் பக்க மரையில் ஒன்று, எஞ்சின் பக்க மரையில் ஒன்று என்று சுற்றிக் கட்டுங்கள். கால் மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தப் பட்டை முதலில் நனைந்து நிறம் மாறுகிறதோ அங்கேதான் கசிவு. எல்லாப் பட்டையும் உலர்ந்திருந்து, வால்வை மூடி எஞ்சின் பக்கக் குழாயைக் கழற்றினால் மட்டும் டீசல் வருகிறது என்றால் கோளாறு உள்ளே, உருண்டையிலோ தகட்டிலோ இருக்கிறது.

டேங்க் எஞ்சினுக்குக் கீழே இருக்கும் படகுகளில் இன்னொரு விதமும் உண்டு. பம்ப் டீசலை உறிஞ்சும்போது வால்வுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. அப்போது டீசல் வெளியே வராது. அதே இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது. ஆனால் எஞ்சின் ஏறி இறங்கி ஓடும், காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும், சுமை ஏற்றினால் நின்றுவிடும். பழைய வகை எஞ்சின்களில் இன்ஜெக்டர் திறக்கவே ஏறத்தாழ 200 பார் அழுத்தம் வேண்டும். டீசல் அமுங்காத திரவம் என்பதால் பம்ப்பின் ஒரு தள்ளலில் அந்த அழுத்தம் வந்துவிடும். நடுவில் காற்றுக் குமிழ் இருந்தால் தள்ளல் முழுதும் குமிழை அமுக்குவதிலேயே செலவாகிவிடும், இன்ஜெக்டர் திறக்காது. மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பது இதைத்தான். அடிக்கடி ஏர் எடுக்க வேண்டியிருக்கிற எஞ்சினில் பம்ப்பைக் குறை சொல்வதற்கு முன் வால்வின் தண்டைச் சோதிப்பது நல்லது.

தண்ணீருக்கு நல்ல வால்வு டீசலுக்கு ஆகாது

அவசரத்துக்குத் தண்ணீர்க் குழாய்ச் சாமான் கடையில் ஒரு பால் வால்வு வாங்கி மாட்டுவது கரையோரத்தில் எங்கும் நடக்கிறது. அளவு பொருந்தும், மரையும் ஏறும், அன்றைக்குக் கசியாது. சிக்கல் அதன் உள்ளே இருக்கும் ரப்பரில். குடிநீர் வால்வுகளில் ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் பரவலாக இடப்படுகிறது. தண்ணீரிலும் வெயிலிலும் அது நெடுநாள் உழைக்கும். டீசல் பட்டால் ஊறி உப்பி, மெத்தென்றாகி, வடிவம் இழக்கும். எரிபொருளுக்கு ஏற்றவை நைட்ரைல், அதைவிட விலை கூடிய விட்டான்.

நைட்ரைலிலும் ஒரு பாடம் உண்டு. 1993-இல் கலிபோர்னியாவில் கந்தகமும் அரோமேட்டிக் சேர்மங்களும் குறைந்த புது டீசல் வந்தபோது பழைய வண்டிகள் பலவற்றின் எரிபொருள் லைன்களில் கசிவு கிளம்பியது. பழைய டீசலின் அரோமேட்டிக் சேர்மங்களை உறிஞ்சி ரப்பர் வளையங்கள் சற்று உப்பியே இருந்தன. புது டீசல் அந்தச் சேர்மங்களை வெளியே இழுத்ததும் வயதான ரப்பர் சுருங்கி இடைவெளி விட்டது. இந்தியாவிலும் 2020 ஏப்ரல் 1 முதல் டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. பல ஆண்டுகள் பழைய எரிபொருளில் ஊறிய ஓ-ரிங்கைக் கழற்றினால் மறுபடி மாட்டக் கூடாது. சில ரூபாய்ப் பொருள். புதிதுதான் போட வேண்டும்.

அடுத்தது உலோகம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. உப்புத் தண்ணீரும் உப்புக்காற்றும் படப்பட அதிலிருந்து துத்தநாகம் மட்டும் அரித்துப் போய்விடும். எஞ்சுவது பஞ்சு போன்ற துளைகள் நிறைந்த செம்பு. வெளித்தோற்றத்தில் வால்வு முழுதாக இருக்கும், வலு இருக்காது. ஒரு கத்தி முனையால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாக மினுங்கினால் நல்ல பித்தளை. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த வால்வின் ஆயுள் முடிந்துவிட்டது. ஸ்பேனர் வைத்து இறுக்கினால் உடைந்து டேங்க் முழுதும் காலியாகும். வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம், கன்மெட்டல், மாலிப்டினம் கலந்த 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகியவை கடலுக்கு ஏற்றவை. ஜி.ஐ. பொருள்களை டீசல் லைனில் சேர்க்கவே கூடாது. அவற்றின் துத்தநாகப் பூச்சு டீசலில் உள்ள அமிலங்களோடு வினைபுரிந்து சோப்புப் போன்ற பிசினாகி ஃபில்டரை அடைக்கும். பிளாஸ்டிக் வால்வும் வேண்டாம். தீ வந்தால் முதலில் உருகுவது அதுதான், வால்வு மிகத் தேவைப்படும் நேரமும் அதுதான்.

மரையிலும் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர்க் குழாய்களின் பி.எஸ்.பி. மரை, 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த 55 டிகிரிக் கோணத்தைப் பின்பற்றுகிறது. அமெரிக்க எஞ்சின் பாகங்களில் வரும் என்.பி.டி. மரையின் கோணம் 60 டிகிரி. அரை அங்குல அளவிலும் முக்கால் அங்குல அளவிலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைகள் என்பதால் ஒன்றில் மற்றது சிக்கலின்றி ஏறிவிடும். கோணம் ஒத்துப்போகாததால் மரையின் நெடுகச் சுருளாக ஒரு நுண்ணிய பாதை திறந்தே இருக்கும். எத்தனை முறை இறுக்கினாலும் அந்தக் கசிவு நிற்காது.

சரிசெய்யும் முறை

தண்டில் கசிவு என்றால் முதலில் கிளாண்டு நட்டை எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கிப் பாருங்கள். நின்றால் சரி. நிற்காவிட்டால் மேலும் இறுக்காமல் ஓ-ரிங்கை அல்லது பேக்கிங்கை மாற்றுங்கள். பழைய பித்தளைக் காக் கசிந்தால், அடைப்பானைக் கழற்றி மெல்லிய கிரைண்டிங் பேஸ்ட் தடவி அதன் குழியிலேயே முன்னும் பின்னும் சுழற்றித் தேய்த்துச் சமன் செய்யலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அடைப்பான் குழியின் அடிவரை இறங்கிவிட்டால் வால்வை மாற்றுவதே வழி. உருண்டையில் கீறல், உடலில் வெடிப்பு, இளஞ்சிவப்பு நிறம் இவற்றில் எது இருந்தாலும் பழுது பார்க்க வேண்டியதில்லை, மாற்றிவிடுங்கள்.

மாற்றுவதற்கு முன் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரி இணைப்பு கழற்றப்பட்டிருக்க வேண்டும், அறையின் மூடிகளைத் திறந்து காற்று புழங்கவிட வேண்டும். அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. பெட்ரோல் எஞ்சின் என்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கி நிற்கும். கழற்றக்கூடிய டேங்க்காக இருந்தால் கரையில் திறந்த வெளிக்குக் கொண்டுவந்துதான் கைவைக்க வேண்டும்.

டேங்க்கின் மூடியையும் காற்றுக் குழாயையும் இறுக்கி அடைத்துவிட்டால் வால்வைக் கழற்றினாலும் டீசல் வராது என்று சிலர் சொல்வார்கள். பாதி சரி. டீசல் கொஞ்சம் இறங்கியதும் மேலே உள்ள காற்று விரிந்து அதன் அழுத்தம் குறையும். வெளிக்காற்று டீசலைத் தாங்கி நிறுத்தும். ஒரு மீட்டர் டீசலைத் தாங்க உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ ஒன்பது சதவீதம் விரிய வேண்டும். டேங்க் நிறைந்து, மேலே 20 லிட்டர் காற்று மட்டும் இருந்தால் இரண்டு லிட்டருக்குள் நின்றுவிடும். 200 லிட்டர் காற்று இருந்தால் 18 லிட்டர் கொட்டிய பிறகே நிற்கும். துளை பெரிதாக இருந்தால் குமிழ் குமிழாகக் காற்று உள்ளே ஏறி நிற்காமலே போகும். ஆகவே கைப்பம்ப்பால் டீசலை வேறு கேனுக்கு மாற்றி டேங்க்கைக் காலி செய்வதே நம்பகமான வழி.

கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் டேங்க்கின் முனையை அசையாமல் பிடித்து, மற்றதால் வால்வைத் திருப்ப வேண்டும். ஒற்றை ஸ்பேனரால் திருகினால் விசை முழுதும் டேங்க்கின் வெல்டிங்கில் போய் விழும். பழைய மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். டெஃப்லான் டேப்பைத் தவிர்ப்பது நல்லது; அதன் பிசிறுகள் பிய்ந்து டீசலோடு போய் ஃபில்டரிலும் பம்ப்பிலும் சிக்கும். எரிபொருளுக்கென்று விற்கும் திரவ சீலன்ட்டை, முதல் இரண்டு மரைகளை விட்டுவிட்டு மற்றவற்றில் தடவுங்கள். கூம்பு மரையை வெறியோடு இறுக்கினால் வால்வின் வாய் பிளந்துவிடும்.

வால்வுக்கும் எஞ்சினுக்கும் இடையில் வளையும் ஹோஸ் ஒரு துண்டாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சினின் அதிர்வு அத்தனையும் மரையில் இறங்கும். ஐ.எஸ்.ஓ. 7840 தரம் பெற்ற ஹோஸ் தீயில் இரண்டரை நிமிடம் தாக்குப்பிடிக்கும்படி சோதிக்கப்பட்டது. இரண்டரை நிமிடம் என்பது எஞ்சினை நிறுத்தி, வால்வை மூடி, அறையைவிட்டு வெளியேறக் கிடைக்கும் அவகாசம். எஞ்சின் அறைக்குள் இறங்காமல் வெளியிலிருந்தே கம்பியோ கேபிளோ இழுத்து வால்வை மூட வழி செய்திருந்தால் அந்த அவகாசம் முழுதும் பயன்படும். பெரிய கப்பல்களில் இது கட்டாயம். சிறு படகிலும் அதே காரணம்தான் பொருந்தும்.

எல்லாம் முடிந்ததும் கொஞ்சம் டீசல் ஊற்றி மரைகளைத் துடைத்துப் பாருங்கள். பிறகு முழுதாக நிரப்பி, ஃபில்டரின் திருகைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அடித்துக் குமிழ் இல்லாத டீசல் வரும்வரை ஏர் எடுங்கள். டிஷ்யூ பட்டைச் சோதனையை எஞ்சின் ஓடாதபோது ஒரு முறையும், ஓடி நின்றபின் ஒரு முறையும் செய்யுங்கள்.

கடலுக்குப் போவது

டப்பாவில் பிடிக்காத டீசல் படகின் அடித்தளத் தண்ணீரில் கலந்து, பம்ப் ஓடும்போது துறைமுகத்தில் விழுகிறது. வானவில் நிறத்தில் மினுங்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க முடியும். 0.3 மைக்ரோமீட்டர் என்று கொண்டால் நாளொன்றுக்கு ஒழுகும் இரண்டு லிட்டர் ஒன்றரை ஏக்கருக்கு மேல் பரவும். மீன் முட்டைகளும் குஞ்சுகளும் மிதந்து வளரும் மேல்நீர்தான் அது. நாளைய மீன்பாட்டை வளர்க்கும் தண்ணீரும் அதுவே.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகளைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பது, பலகை மாற்றுவது, எஞ்சின் பிரிப்பது எல்லாம் இந்த நாட்களில்தான். அந்த மராமத்துப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: எரிபொருள் வால்வைச் சோதித்து, ஓ-ரிங்கை மாற்றி, சந்தேகம் இருந்தால் வால்வையே புதிதாகப் போடுவது. தொழில் நடக்கும் மாதங்களில் மாதம் ஒரு முறையாவது வால்வை முழுதாக மூடித் திறந்து பாருங்கள். கரையில் அரை நாளில் முடிகிற இந்த வேலையை, அலையில் ஆடும் படகில் சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்யும் நிலை யாருக்கும் வரக் கூடாது.